கூரைமேல் நான் மூடிய குழாய்

அக்டோபர் பிறந்தால் போதும், உங்களில் யாராவது என்னை நினைத்துக்கொள்கிறீர்கள். கோயம்புத்தூரிலிருந்து வந்து ஹனோவரில் வேலைக்குச் சேர்ந்திருக்கும் தம்பி, "சார், ஏசி வெளி யூனிட்ட வின்டருக்கு ரெடி பண்றதுக்கு ஒரு செக்லிஸ்ட் இருந்தா அனுப்புங்களேன்" என்று எழுதுகிறார். டோர்ட்மண்டில் தொழிற்பயிற்சியில் இருக்கும் யாழ்ப்பாணத்துத் தங்கை போனில் கேட்கிறார்: "அண்ணை, தார்ப்பாய் போடவேணுமோ, விடலாமோ? மைஸ்டர் ஒண்டு சொல்லுறார், புத்தகம் வேற சொல்லுது." ஓய்வு பெற்று உட்கார்ந்திருக்கும் கிழவனை இன்னும் ஒரு ஆளாக மதித்துக் கேட்கிறீர்களே, அதற்கே நன்றி சொல்ல வேண்டும்.

தங்கைக்கு முதலில் பதில். மேல்பக்கம் மட்டும் மூடுங்கள், பக்கங்களை விட்டுவிடுங்கள். ஜெர்மனிக்கு வந்த முதல் இலையுதிர் காலத்தில் நான் ஒரு யூனிட்டை உச்சி முதல் அடி வரை தார்ப்பாயால் சுற்றி, கயிறு போட்டு இறுக்கி, ஊருக்குப் பார்சல் அனுப்புவது போலக் கட்டி வைத்தேன். சென்னைக்காரனுக்குத் தெரிந்ததெல்லாம் ஐப்பசி மழைதானே. மறுநாள் வந்து பார்த்தால் உள்ளே ஈரம் முத்து முத்தாக நின்றது. பட்டறைக்குத் தலைவரான எங்கள் மைஸ்டர் சட்டைப்பையிலிருந்து கத்தியை எடுத்து நான்கு பக்கமும் அறுத்துத் தள்ளிவிட்டுப் போனார். இரண்டு வாரம் பட்டறையில் எனக்குப் 'பார்சல்' என்றுதான் பெயர்.

அது சிரிக்கிற கதை. செக்லிஸ்ட் கேட்ட தம்பிக்கு நான் சொல்ல வேண்டியது வேறு. எந்த வால்வை எப்போது திருப்ப வேண்டும் என்பதெல்லாம் யூனிட்டோடு வரும் புத்தகத்திலேயே இருக்கிறது, அதற்கு நான் எதற்கு? புத்தகத்தில் இல்லாத ஒன்றைச் சொல்கிறேன். இதை முழுதாக நான் யாருக்கும் சொன்னதில்லை. என் மனைவிக்கே பாதிதான் தெரியும்.

எழுபதுகளின் தொடக்கம். ஸ்டுட்கார்ட்டில் ஏர்கண்டிஷனர் வேலைகளை எடுத்துச் செய்யும் ஒரு சிறிய நிறுவனத்தில், இரண்டு வருடப் பயிற்சி ஒப்பந்தத்தில் நான் சேர்ந்திருந்தேன். சென்னையில் மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்தவன், ராயபுரத்துப் பையன். நான்கு டிகிரிக்குக் கீழே தண்ணீர் விரிவடையும் என்று பரீட்சையில் படம் போட்டு எழுதி மார்க் வாங்கியவன். ஆனால் தண்ணீர் உறைந்து குழாயைப் பிளப்பதைக் கண்ணால் பார்த்ததில்லை. இந்த இரண்டுக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்று அப்போது எனக்குத் தெரியாது.

என்னை ஒரு கிரேக்கரோடு ஜோடி சேர்த்திருந்தார்கள். கோஸ்தாஸ் என்று பெயர். முப்பத்தைந்து வயது இருக்கும். ஆறு வருடமாக அங்கே ஃபிட்டர். கையெழுத்துப் போடுவதற்கு மேல் ஜெர்மன் எழுதத் தெரியாது, ஆனால் அவர் கை வைத்த வேலையை யாரும் திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை. ஒரு முறை செய்வார், துணியில் கையைத் துடைப்பார், அடுத்த வேலைக்கு நடந்துவிடுவார். மனைவியும் சின்ன மகளும் வடக்குக் கிரீஸில் ஒரு புகையிலை ஊரில் இருந்தார்கள். அவர்களை வரவழைக்க வெளிநாட்டினர் அலுவலகத்தில் விண்ணப்பம் போட்டிருந்தார். வாடகைக்கு வீடு பார்த்தாகிவிட்டது. இனி வேண்டியது, 'இவருக்கு எங்களிடம் நிலையான வேலை இருக்கிறது' என்று நிறுவனம் தரும் ஒரு கடிதம். ஈஸ்டருக்கு முன்பு தருவதாக மைஸ்டர் சொல்லியிருந்தார். வேலை போனால் கடிதம் இல்லை, கடிதம் இல்லாவிட்டால் குடும்பம் இல்லை. மகளின் புகைப்படத்தைச் சாப்பாட்டு டப்பாவின் மூடியில் உள்பக்கமாக ஒட்டி வைத்திருந்தார். மதியம் டப்பாவைத் திறக்கும்போதெல்லாம் எனக்கும் காட்டுவார், நான் முதல் முறை பார்ப்பது போல.

அக்டோபர் கடைசியில் பல்கலைக்கழகத்து ஆய்வுக்கூடம் ஒன்றின் கூரையில் வேலை. மொட்டைமாடியில் பெரிய யூனிட் ஒன்று. அதற்குள் இருக்கும் காயிலில், அதாவது வளைந்து வளைந்து போகும் செப்புக் குழாய்களில், குளிர்நீர் ஓடும். கீழே சில அறைகளுக்கு ஆண்டு முழுவதும் அந்த நீர் வேண்டும், அதனால் கூரையில் இருப்பதை மட்டும் குளிர்காலத்துக்கு நிறுத்தி, அதிலுள்ள நீரை வடித்துவிட வேண்டும். கோஸ்தாஸ் நீர் வரும் வால்வுகளை மூடினார், அடியில் இருந்த வடிகுழாயைத் திறந்தார், காற்றழுத்தம் கொடுத்து மிச்சத்தையும் ஊதித் தள்ளினார். நான் அப்போது தார்ப்பாயும் கயிறும் எடுத்துவரக் கீழே போயிருந்தேன். திரும்பி வந்தபோது அவர் யூனிட்டில் அட்டையை மாட்டிக்கொண்டிருந்தார். எங்கள் மைஸ்டர் வைத்திருந்த வழக்கம் அது. வேலையை முடித்தவர் தன் பெயரெழுதிய அட்டையைத் தொங்கவிட வேண்டும், வசந்தத்தில் அதைக் கழற்றுகிறவரும் அவராகவே இருக்க வேண்டும். அட்டையை மாட்டிவிட்டு, "மேலே மட்டும் மூடு, பார்சல்" என்று சிரித்தபடி பக்கத்துக் கட்டடத்துக்குப் போனார்.

நான் தார்ப்பாயைக் கட்டிக்கொண்டிருந்தபோது இஸ்மாயில் மேலே வந்தார். ராமநாதபுரத்துக்காரர், அந்த ஆய்வுக்கூடத்தில் இயற்பியலில் டாக்டர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தவர். ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் இருவரும் சேர்ந்துதான் சோறு பொங்குவோம். எங்கள் வேன் வாசலில் நிற்பதைப் பார்த்துவிட்டு, ஒரு சிகரெட் பிடிக்க வந்திருந்தார். பேசிக்கொண்டே இருந்தவர் திடீரென்று குனிந்து பார்த்தார்.

"என்னய்யா இது, குழாயத் தொறந்தே விட்டிருக்கீங்க? சொட்டுதுல்ல."

பார்த்தேன். வடிகுழாயின் வாயில் ஒரு துளி திரண்டு, விழுந்து, அடுத்த துளி மெல்லத் திரண்டுகொண்டிருந்தது.

"கிரேக்கக்காரரு மறந்துட்டாரு போல" என்றேன்.

"மூடுங்க, மூடுங்க. எங்க ஊர்ல இதப் பாத்தா அடிக்க வருவாங்க."

மூடினேன். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. நீங்கள் யோசிப்பீர்களா? ராயபுரத்தில் எங்கள் தெருக்குழாயில் விடியற்காலையில் கொஞ்ச நேரம்தான் தண்ணீர் வரும். குடம் வைத்த வரிசையில் சண்டை, மண்டை உடைப்பு எல்லாம் நடக்கும். இஸ்மாயிலின் ஊரில் பெண்கள் ஊற்றுத் தோண்டிக் கொட்டாங்கச்சியால் மொண்டு குடம் நிரப்புவார்கள் என்று அவரே சொல்லியிருக்கிறார். சொட்டும் குழாயைக் கண்டால் எங்கள் கை எங்களைக் கேட்காமலே போய் மூடும். அந்தக் கூரையில் வேறு எந்த ஊர்க்காரன் நின்றிருந்தாலும் அதைத் தொட்டிருக்க மாட்டான்.

வடித்து முடித்த குழாயில் ஏன் சொட்டுகிறது? எங்கிருந்து வருகிறது? டிப்ளமோ படித்தவன் கேட்டிருக்க வேண்டிய கேள்வி இதுதான். பழைய வால்வு எதுவும் முழுதாக மூடாது, கொஞ்சம் கசியும். அந்தக் கசிவு தேங்காமல் வெளியே போவதற்காகத்தான் வடிகுழாயைக் குளிர்காலம் முழுவதும் திறந்தே விடுகிறோம். நான் மூடியதோடு அந்தத் துளிகள் போக இடமில்லாமல் காயிலுக்குள் சேர ஆரம்பித்தன. நவம்பர் முழுவதும், டிசம்பர் முழுவதும். ஜனவரியில் உறைந்தன.

பிப்ரவரி கடைசியில் பனி உருகத் தொடங்கிய ஒரு திங்கட்கிழமை காலை, ஆய்வுக்கூடத்திலிருந்து அழைப்பு வந்தது. கூரைக்கு நேர் கீழே இருந்த அளவீட்டு அறையின் மேல்தளத்திலிருந்து தண்ணீர் கொட்டுகிறது என்றார்கள். மைஸ்டர், கோஸ்தாஸ், நான் மூவரும் ஓடினோம். அறைக்குள் கணுக்கால் அளவு தண்ணீர். கருவிகளின் மேல் யாரோ மழைக்கோட்டுகளைப் போர்த்தியிருந்தார்கள். இஸ்மாயில் பேண்டை முழங்கால் வரை மடித்துவிட்டுக்கொண்டு தன் நோட்டுப் புத்தகங்களைத் தண்ணீரிலிருந்து பொறுக்கிக்கொண்டிருந்தார். மூன்று வருடத்து அளவுகள். மை கரைந்து நீலமாக ஓடியது.

மேலே போய் யூனிட்டின் பக்கத் தகட்டைக் கழற்றினோம். செப்புக் குழாய்களின் வளைவுகள் வரிசையாக வாய் பிளந்து கிடந்தன. நீர் வரும் வால்வின் உடலே விரிசல் விட்டிருந்தது, அதன் வழியாகத்தான் கீழிருந்து வந்த தண்ணீர் எல்லாம் வெளியேறியிருக்கிறது. மைஸ்டர் மண்டியிட்டு வடிகுழாயைத் தொட்டார். மூடியிருந்தது. எழுந்து நின்று அட்டையைப் பார்த்தார்.

"கோஸ்தாஸ்."

"நான் திறந்து விட்டேன்" என்றார் கோஸ்தாஸ், அவருடைய உடைந்த ஜெர்மனில். "எப்போதும் திறந்து. எப்போதும்."

"மூடியிருக்கிறது."

"தெரியவில்லை. நான் திறந்து."

எனக்கு அந்த நொடியிலேயே எல்லாம் விளங்கிவிட்டது. 'நான்தான் மூடினேன்' என்பது மூன்று வயதுக் குழந்தைகூடச் சொல்லக்கூடிய வாக்கியம், ஜெர்மனிலும் எனக்குத் தெரிந்த வார்த்தைகள்தான். சொல்லவில்லை. ஒப்பந்தம் ரத்தானால் விமானம் ஏற வேண்டியதுதான் என்று முதலில் தோன்றியது. அப்புறம் அப்பாவின் முகம். அதற்குப் பிறகுதான் கோஸ்தாஸ் ஞாபகத்துக்கு வந்தார். இந்த வரிசையை நான் மாற்றிச் சொல்லலாம், உங்களுக்குத் தெரியப்போவதில்லை. ஆனால் இந்த வரிசையில்தான் தோன்றியது.

அன்று மாலை இஸ்மாயிலின் அறைக்குப் போனேன். ஹீட்டரின் மேல் நோட்டின் தாள்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தார். தாளிலிருந்து கண்ணை எடுக்காமலே பேசினார்.

"மத்தியானமே கேள்விப்பட்டேன். குழாய் மூடியிருந்துச்சாமே."

"ஆமா."

"நான்தான மூடச் சொன்னேன்."

"சொன்னது நீங்க. மூடினது நான்."

ஒரு தாளைப் புரட்டிப் போட்டார். பிறகு, "இருங்க, அவசரப்பட்டு வாயத் தொறக்காதீங்க. அந்த ஆளு எக்ஸ்பீரியன்ஸ் உள்ளவரு. இங்க இல்லன்னா இன்னொரு கம்பெனி. நம்ம கத அப்படியா? உங்கள ரிட்டர்ன் அனுப்பிருவாங்க. என் புரொஃபசருக்குத் தெரிஞ்சா எனக்கும் ப்ராப்ளம்" என்றார்.

இஸ்மாயில் நல்ல மனிதர். பயத்தில் பேசினார், அவ்வளவுதான். நான் அதைக் கேட்கத்தான் போயிருந்தேன் என்பது எனக்கு இப்போது தெரிகிறது. யாராவது ஒருவர் அப்படிச் சொல்ல மாட்டாரா என்று ஏங்கிக்கொண்டுதான் படியேறினேன். சொன்னவுடன் பெரிய ஆறுதலாக இருந்தது. அவர் ரூமில் சோறும் ரசமும் சாப்பிட்டேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

செவ்வாய்க்கிழமை பட்டறையில் கோஸ்தாஸ் வழக்கம்போல வேலை செய்தார். யார் கேட்டாலும் "திறந்து விட்டேன்" என்று உறுதியாகச் சொன்னார். பொய் சொல்கிறார் என்று மற்றவர்கள் நினைத்தார்கள். முன்பு அவரோடு ஒரே மேசையில் சாப்பிட்டவர்கள் தள்ளி உட்கார்ந்தார்கள். நான் அதே மேசையில்தான் உட்கார்ந்தேன், அவருக்கு எதிரில். தலையைக் குனிந்துகொண்டு ரொட்டியைத் தின்றேன். அன்று அவர் டப்பா மூடியை என் பக்கம் திருப்பிக் காட்டவில்லை.

புதன்கிழமை மைஸ்டர் அவரை அறைக்குள் கூப்பிட்டார். கதவு திறந்துதான் இருந்தது. ஆய்வுக்கூடம் எழுத்தில் விளக்கம் கேட்கிறது, விசாரணை முடியும் வரை குடும்பத்துக்கான கடிதத்தைத் தர முடியாது என்றார். கோஸ்தாஸ் சரி என்று தலையாட்டினார். வெளியே வந்து தன் மேசையருகே நின்றார். இரண்டு கைகளையும் விரித்து உள்ளங்கைகளை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஒரு ஸ்பானரைத் துடைத்துக்கொண்டிருந்தேன். துடைத்த ஸ்பானரையே திரும்பத் திரும்பத் துடைத்தேன்.

வியாழக்கிழமை, மைஸ்டர் எழுதி வைத்த விளக்கத்தில் கையெழுத்துப் போட வேண்டிய நாள். கோஸ்தாஸ் பேனாவை வாங்கிக்கொண்டார். கையெழுத்துப் போடாமல் என்னிடம் நடந்து வந்தார்.

"நீ அன்றைக்கு என்னோடு இருந்தாய். நான் திறந்து வைத்ததைப் பார்த்தாயா? எனக்கு இப்போது தெரியவில்லை. மூன்று நாளாக நினைத்து நினைத்துப் பார்க்கிறேன். சில நேரம் திறந்தது தெரிகிறது. சில நேரம் என் கை மூடுவது தெரிகிறது. நானே மூடிவிட்டேனோ?"

அவர் கோபமாகக் கேட்டிருந்தால், நான் ஒருவேளை கடைசி வரை மென்று விழுங்கியிருப்பேன். அவர் என்னிடம் உதவி கேட்டார். செய்யாத ஒன்றைச் செய்ததாக அந்த மனிதரே நம்பத் தொடங்கியிருந்தார்.

"நீங்கள் திறந்துதான் வைத்தீர்கள். நீங்கள் போன பிறகு நான் மூடினேன். சொட்டியது, அதனால் மூடினேன்" என்றேன்.

பட்டறை முழுவதும் கேட்டிருக்கும், அவ்வளவு சத்தமாகச் சொல்லியிருக்கிறேன். கோஸ்தாஸ் பக்கத்தில் இருந்த பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டார். திட்டவில்லை. தன் மொழியில் ஏதோ சொன்னார், என்னிடம் அல்ல. பிறகு எழுந்து குழாயடிக்குப் போய் வெகுநேரம் கை கழுவினார்.

மைஸ்டர் என்னை அறைக்குள் அழைத்து நிற்க வைத்தார். குழாயைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

"உனக்கு எப்போது தெரிந்தது?"

"கூரையில். நீங்கள் வடிகுழாயைத் தொட்டபோது."

"அது திங்கட்கிழமை."

"ஆமாம்."

"இன்று வியாழன்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வடிகுழாயைத் திறந்து விட வேண்டும் என்று உனக்குச் சொல்லித் தராதது என் தவறு. குழாய் வெடித்ததை என் கணக்கில் எழுதிக்கொள்கிறேன். இந்த மூன்று நாள் உன்னுடையது. அதை என்னால் எடுத்துக்கொள்ள முடியாது" என்றார்.

அதோடு போகச் சொல்லிவிட்டார். ஒப்பந்தம் ரத்தாகவில்லை. நான் மூன்று நாள் எதற்குப் பயந்தேனோ அது நடக்கவே இல்லை. சொன்ன அன்றே கோஸ்தாஸின் கடிதத்தில் மைஸ்டர் கையெழுத்துப் போட்டார். மறுநாள் இஸ்மாயில் தானாகவே பட்டறைக்கு வந்து, கோஸ்தாஸ் முன்னால் நின்று, "மூடச் சொன்னது நான்" என்று ஜெர்மனில் சொன்னார். காய்ந்த தாள்களில் பாதியைத்தான் படிக்க முடிந்தது. மீதிக்காக அவர் இன்னும் ஒரு வருடம் அதே அறையில் உட்கார்ந்து அளவெடுத்தார். ஒரு நாளும் என்னைக் குறை சொன்னதில்லை.

ஈஸ்டர் கழிந்து சில வாரங்களில் கோஸ்தாஸின் மனைவியும் மகளும் வந்து சேர்ந்தார்கள். ரயில் நிலையத்துக்கு என்னையும் வரச் சொன்னார். பெட்டிகளைத் தூக்கினேன். அந்தச் சின்னப் பெண் என்னைப் பார்த்துச் சிரித்தாள். எல்லாம் சரியாகிவிட்டது என்று நானும் நினைத்துக்கொண்டேன்.

இளைய நண்பர்களே, திறந்திருக்கும் எதையும் மூடுவதற்கு முன் அது ஏன் திறந்திருக்கிறது என்று கேளுங்கள். இதை உங்கள் செக்லிஸ்டில் எழுதிக்கொள்ளலாம், நல்ல விதிதான். ஆனால் தவறு செய்யாத ஃபிட்டரை நான் பார்த்ததில்லை, நீங்களும் செய்வீர்கள். செய்தால் அன்றே சொல்லுங்கள். மறுநாள் சொல்லலாம், இன்னும் கொஞ்சம் விசாரித்துவிட்டுச் சொல்லலாம், தக்க சமயம் பார்த்துச் சொல்லலாம் என்று மனம் உங்களுக்காக வாதாடும். நீங்கள் அதைக் கேட்டுக்கொண்டிருக்கும் நேரத்தில் வேறொருவர் அந்தச் சுமையைத் தூக்கிக்கொண்டிருப்பார். பிறகு நீங்கள் போய் இறக்கி வைத்தாலும் தோள் பழைய தோளாக இருக்காது.

பயிற்சி முடிந்து நான் அங்கேயே வேலையில் நிலைத்துவிட்டதால், கோஸ்தாஸும் நானும் அதற்குப் பின் ஒன்பது வருடம் சேர்ந்து வேலை செய்தோம். என்னிடம் அவர் அன்பாகத்தான் இருந்தார். என் கல்யாணத்துக்குப் பிறகு என் மனைவிக்கு முதலில் விருந்து வைத்தது அவர் வீட்டில்தான். ஆனால் ஒரு முறை செய்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு நடக்கும் அந்த மனிதரை நான் மறுபடி பார்க்கவே இல்லை. ஒவ்வொரு அக்டோபரிலும் கூரையில் வேலையை முடித்து, அட்டையை மாட்டி, ஏணியில் பாதி தூரம் இறங்குவார். அங்கே நிற்பார். பிறகு மேலே ஏறிப் போய் வடிகுழாயைப் பார்த்துவிட்டு வருவார். சில நாள் இரண்டு முறை, சில நாள் மூன்று முறை. 'சரியாகத்தான் இருக்கும், இறங்குங்கள்' என்று வேறு யாராவது சொல்லியிருக்கலாம், எனக்கு அந்த உரிமை இல்லை. அவர் இறங்கி வரும் வரை ஏணியைப் பிடித்துக்கொண்டு கீழே நிற்பேன்.